பிள்ளையின் சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தில் 32-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதிகம் பேசப்படாத பிரிவு. பெற்றோர் நோயில் விழுந்து குடும்பத்தைக் கவனிக்க முடியாமல் போன வீட்டில், 12 வயது நிரம்பிய, போதிய பக்குவமுள்ள ஒரு பிள்ளை தன் உடன்பிறந்தவர்களுக்குக் காப்பாளராக இருக்கலாம் என்கிறது அது. தம்பியைப் பள்ளியில் சேர்க்கலாம், வங்கிக் கணக்கைக் கையாளலாம், சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்யலாம். ஆனால் அதே வயதுப் பிள்ளை தனக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று தனியாகப் போய் நின்றால், நடைமுறையில் முதலில் கேட்கப்படுவது பெற்றோர் அல்லது காப்பாளரின் கையெழுத்து. தம்பியின் உடம்புக்குப் பொறுப்பேற்கும் பக்குவம் ஒரு சிறுவனுக்கு இருக்கலாம் என்று சட்டம் ஏற்கிறது. தன் உடம்பைப் பற்றி அவன் பேச வந்தால் அந்தப் பக்குவத்தைச் சோதித்துப் பார்க்கக்கூட நம்மிடம் வழி இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் மருத்துவ முடிவு எடுக்கலாமா என்ற கேள்வியை இந்த முரண்பாட்டிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

நம் சட்டங்களில் இதற்கு ஒரே பதில் கிடையாது. இந்திய வயதுவந்தோர் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் 18 என்ற கோட்டைப் போடுகின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவோ (பழைய தண்டனைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு) 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் சம்மதம் பொதுவாகச் சம்மதமாகாது என்று மட்டும் சொல்கிறது. அதாவது, 12 வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதத்தோடு அதன் நன்மைக்காக நல்லெண்ணத்தில் ஒரு டாக்டர் சிகிச்சை தந்தால், குற்றவியல் சட்டம் அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது கடினம். கருக்கலைப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் காப்பாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மைனர் ஒருவர் உள்நோயாளியாகச் சேர வேண்டுமென்றால் காப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்தை அறிய முடிந்தால் அதையும் கருத்தில் கொள்ள வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நிற்கும் டாக்டர் என்ன செய்வார்? வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் 18 என்று வைத்துக்கொள்வார். பெரும்பாலான மருத்துவமனைகளில் நடப்பது அதுதான். 12 வயது, 17 வயது, காய்ச்சல், தற்கொலை எண்ணம் எல்லாவற்றுக்கும் ஒரே விடை: “அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.”

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் கையெழுத்தைக் கேட்பதன் நோக்கம் பிள்ளையைப் பாதுகாப்பது. அந்தக் கையெழுத்தைக் கேட்பதாலேயே ஒரு பிள்ளை சிகிச்சை பக்கமே வராமல் போகும் இடங்களில், அந்த விதி தன் நோக்கத்துக்கு எதிராக வேலை செய்கிறது. அப்படிப்பட்ட இடங்களில், தான் கேட்பது என்ன என்று புரிந்துகொள்ளும் பக்குவமுள்ள வளரிளம் பருவத்தினர் தாமாகவே வந்து சிகிச்சை பெறச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். உயிர் காக்கும் சிகிச்சையை மறுக்கும் உரிமையை நான் இதோடு சேர்க்கவில்லை. உதவி கேட்பதும் உதவியை மறுப்பதும் வெவ்வேறு காரியங்கள். இந்த விவாதத்தில் எழும் குழப்பத்தில் பாதி, இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால் வருகிறது.

பெரும்பாலான மருத்துவத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டெங்கு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெற்றோர்தான். எலும்பு முறிந்தால், குடல்வால் வீங்கினால், புற்றுநோய் என்று தெரிந்தால், முடிவெடுப்பதும் கடன் வாங்குவதும் இரவெல்லாம் வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான். அந்தப் பிள்ளைகளும் பெற்றோர் பக்கத்தில் இருப்பதையே விரும்புகிறார்கள். இதையெல்லாம் மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாம் பேச வேண்டியது ஒரு சிறிய வட்டத்தைப் பற்றி. பிள்ளை வீட்டில் சொல்ல அஞ்சும் விஷயங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன: மனச்சோர்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, போதைப் பழக்கம், பால்வினை நோய் பற்றிய பயம், கருத்தடை பற்றிய சந்தேகம், வேண்டாத கர்ப்பம், வீட்டுக்குள்ளேயே நடக்கும் வன்முறை. இங்கே பெற்றோரிடம் போய்ச் சொல் என்று திருப்பி அனுப்பினால் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். சான்றுகள் வேறு மாதிரி இருக்கின்றன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டு, அதன் முடிவை 2002-இல் வெளியிட்டார்கள். நீங்கள் கருத்தடை மருந்து கேட்டு வந்ததைப் பெற்றோருக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்று ஆனால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. 59 விழுக்காட்டினர் இந்தச் சேவைகள் முழுவதையுமோ சிலவற்றையோ நிறுத்திவிடுவோம் அல்லது பால்வினை நோய்ப் பரிசோதனையையும் சிகிச்சையையும் தள்ளிப்போடுவோம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஏறக்குறைய எல்லோருமே உடலுறவை நிறுத்தப்போவதில்லை என்றும் சொன்னார்கள். நடத்தையை மாற்றும் என்று எதிர்பார்க்கும் விதி நடத்தையைத் தொடவே தொடாது; டாக்டரிடம் வருவதை மட்டும் நிறுத்தும். இங்கிலாந்தில் இது ஏட்டளவில் நிற்காமல் நடைமுறையிலேயே நடந்தது. 1984 டிசம்பரில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் இன்றிக் கருத்தடை ஆலோசனை தரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அது மாற்றப்படும் வரை, அந்த வயதினர் ஆலோசனை மையங்களுக்கு வருவது குறைந்தது. கதவு மூடிய மாதங்களில் அவர்கள் வீட்டில் போய்ப் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடவில்லை.

நம் ஊர் நிலைமை இன்னும் இறுக்கமானது. போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரோடும் நடக்கும் உடலுறவு குற்றம். அது பற்றித் தெரிந்தவர், டாக்டர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் தண்டனை உண்டு. 17 வயதுப் பெண்ணொருத்தி தன்னை ஒத்த வயதுப் பையனோடு பழகிக் கர்ப்பமானால், அவள் அரசு மருத்துவமனைக்குப் போன மாத்திரத்தில் காப்பாளர் கையெழுத்து, காவல்துறைக்குத் தகவல், அவள் காதலிக்கும் பையன்மேல் வழக்கு என்ற மூன்றும் அவள் முன்னால் வந்து நிற்கின்றன. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு இந்த நெருக்கடியை நேராகப் பார்த்தது. இப்படிப்பட்ட பெண்ணுக்கு இருப்பது இரண்டு வழி: தகுதியுள்ள டாக்டரிடம் போய் வழக்கில் சிக்குவது, அல்லது தகுதியில்லாத ஒருவரிடம் போவது. அதனால், பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு தொடர்பாகக் காவல்துறைக்கு அனுப்பும் அறிக்கையில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் குறிப்பிட வேண்டியதில்லை என்று அந்த அமர்வு சொன்னது. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அமர்வும் இதைப் பின்பற்றி, சிறுமியின் பெயரை வெளியிட வற்புறுத்தக் கூடாது என்றது. நல்ல அடி எடுத்துவைத்தார்கள். ஆனால் காப்பாளரின் கையெழுத்து என்ற முதல் தடை அப்படியே இருக்கிறது. வீட்டில் சொன்னால் என்ன ஆகுமோ என்று நடுங்கும் பெண்ணுக்கு, காவல்துறைக்குப் போகும் அறிக்கையில் பெயர் இல்லை என்பது பாதி ஆறுதல்தான்.

கர்ப்பத்தை மட்டும் வைத்து இந்த விவாதத்தை நடத்துவதில் ஒரு ஆபத்து உண்டு. பேச்சு உடனே ஒழுக்கத்தின் பக்கம் திரும்பிவிடும். அதனால் மனநலத்தை எடுத்துக்கொள்வோம். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக அது கணித்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஒரே ஆண்டில் 18 வயதுக்குக் கீழே உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினையும் தேர்வுத் தோல்வியும் வருகின்றன. மதிப்பெண்ணுக்காக வீட்டில் நாள்தோறும் திட்டு வாங்கும் பதினாறு வயதுப் பையன் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் எந்த வீட்டால் அவன் மூச்சுத் திணறுகிறானோ அந்த வீட்டிடமே அனுமதி கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் உதவி எண்ணான 14416-ஐ அவன் யாரிடமும் கேட்காமல் அழைக்கலாம். போனில் பேச முடியும். ஆனால் அதற்கு அடுத்த படியான நேரடி ஆலோசனைக்கும் மருந்துக்கும் போகும்போது மறுபடியும் கையெழுத்து வந்து நிற்கிறது. உதவியின் முதல் படியை மட்டும் திறந்துவிட்டு இரண்டாவது படியைப் பூட்டிவைத்திருக்கிறோம்.

இதே சிக்கலை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்து, ஓரளவுக்குப் பதிலும் கண்டுபிடித்த நாடு இங்கிலாந்து. 16 வயதுக்குக் கீழே உள்ள பெண்ணுக்கும் சில சூழல்களில் பெற்றோருக்குத் தெரிவிக்காமல் கருத்தடை ஆலோசனை தரலாம் என்று 1980-இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் விக்டோரியா கில்லிக் என்ற தாய். தன் மகள்கள் விஷயத்தில் தனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்பது அவர் வாதம். 1985 அக்டோபரில் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் சாரம் இதுதான்: பெற்றோரின் அதிகாரம் பிள்ளையின் நன்மைக்காக இருக்கிறது, சிகிச்சை என்ன, அதன் விளைவு என்ன என்று முழுமையாகப் புரிந்துகொள்ளும் அறிவும் முதிர்ச்சியும் பிள்ளைக்கு வந்துவிட்டால், அந்த விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை பிள்ளைக்குப் போகிறது. தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான ஃபிரேசர் பிரபு டாக்டர்களுக்குச் சில நிபந்தனைகளையும் வகுத்தார். பெண்ணுக்கு ஆலோசனை புரிய வேண்டும். பெற்றோரிடம் சொல்லும்படி டாக்டர் அவளை இணங்கவைக்க முயன்று பார்த்திருக்க வேண்டும். சிகிச்சை தராவிட்டால் அவள் உடலோ மனமோ பாதிக்கப்படும் நிலை இருக்க வேண்டும். சிகிச்சை அவள் நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லவைக்கும் முயற்சியைக் கட்டாயக் கடமையாக்கியதன் மூலம், பெற்றோரை ஒதுக்காமலே பிள்ளைக்குக் கதவைத் திறந்தார்கள். இன்று இங்கிலாந்துப் பள்ளிகளில் எச்.பி.வி. தடுப்பூசிக்குக்கூட இதே அளவுகோல் பயன்படுகிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-இல் இதை ஏற்றது. தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் ஒரு படி மேலே போய், 12 வயதும் போதிய முதிர்ச்சியும் இருந்தால் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று எழுதியே வைத்துவிட்டது.

பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று கேட்பது நியாயமான கேள்வி. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். வெய்த்தார்ன், கேம்ப்பெல் என்ற இரு உளவியலாளர்கள் 1982-இல் வெளியிட்ட ஆய்வில் 9, 14, 18, 21 வயதினரிடம் நீரிழிவு, வலிப்பு, மனச்சோர்வு போன்ற நோய்களுக்கான சிகிச்சைத் தெரிவுகளைக் கொடுத்து முடிவெடுக்கச் சொன்னார்கள். தகவலைப் புரிந்துகொள்வதிலும் காரணம் சொல்வதிலும் 14 வயதினர் பொதுவாகப் பெரியவர்களுக்கு இணையாகவே இருந்தார்கள். 9 வயதுப் பிள்ளைகள் காரணம் சொல்வதில் பின்தங்கினாலும், தேர்ந்தெடுத்த முடிவு பெரும்பாலும் நியாயமானதாகவே இருந்தது. நெதர்லாந்தில் 6 முதல் 18 வயது வரை உள்ள நோயாளிப் பிள்ளைகளிடம், மருத்துவ ஆய்வில் பங்கேற்பது பற்றி அவர்கள் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 11 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக அந்தத் திறன் வந்துவிடுகிறது என்று கண்டது. இவை அளவில் சிறிய ஆய்வுகள்; ஆய்வுக்கூடத்துக் கேள்வியும் ஆஸ்பத்திரியின் பதற்றமும் ஒன்றல்ல. ஆனாலும், 18-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவு வரை ஒன்றும் புரியாது, மறுநாள் காலை எல்லாம் புரியும் என்ற நம் சட்ட அனுமானத்துக்கு ஆதரவாக எந்தச் சான்றும் இல்லை என்பது தெளிவு.

மூளை வளர்ச்சி பற்றிய எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. வளரிளம் பருவத்தில் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்ந்திருக்காது, உணர்ச்சி வேகமும் நண்பர்களின் தூண்டுதலும் அதிகம், அதனால்தானே சிறார் குற்றவாளிகளுக்குக் கடுந்தண்டனை கூடாது என்கிறோம், பிறகு மருத்துவத்தில் மட்டும் அவர்கள் முதிர்ந்தவர்களா என்று கேட்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேல் இதே குற்றச்சாட்டு வந்தது. கருக்கலைப்பு வழக்கில் பதின்பருவத்தினர் முதிர்ந்தவர்கள் என்றும், 2005-இல் சிறார் மரண தண்டனை வழக்கில் முதிராதவர்கள் என்றும் அது வாதாடியிருந்தது. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவர் குழுவினரும் 10 முதல் 30 வயது வரையிலான 935 பேரை ஆராய்ந்து 2009-இல் இதற்குப் பதில் தந்தார்கள். முதிர்ச்சி என்பது ஒரே பொருள் இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். தகவலை உள்வாங்கி, நிதானமாக ஆராய்ந்து முடிவெடுக்கும் திறன் 16 வயதளவில் பெரியவர்களுக்குச் சமமாகிவிடுகிறது. உணர்ச்சி கொதிக்கும்போதும் கூட்டாளிகள் சூழ்ந்திருக்கும்போதும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் இருபதுகளிலும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. தெருச்சண்டையில் கத்தியை எடுப்பது இரண்டாவது வகை. டாக்டர் முன்னால் உட்கார்ந்து, விளக்கம் கேட்டு, யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டு சொல்லும் முடிவு முதல் வகை. ஆகவே மூளை ஆராய்ச்சி சொல்வது என்னவென்றால், முடிவை எடுக்கும் சூழலை நிதானமானதாக அமையுங்கள் என்பதுதான். தனிமையும் ரகசியமும் ஆலோசகரும் உள்ள ஓர் அறை அந்த நிதானத்தைத் தருகிறது. மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாமல் வாங்கும் மாத்திரையும், இணையத்தில் பார்த்துச் செய்துகொள்ளும் வைத்தியமும் அதைத் தருவதில்லை.

அப்படியானால் 15 வயதுப் பிள்ளை கீமோதெரபி வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? வேண்டியதில்லை. இங்கிலாந்து நீதிமன்றங்கள் சம்மதத்தையும் மறுப்பையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. 1992-இல், உணவை மறுக்கும் நோயால் மெலிந்துகொண்டே போன 16 வயதுப் பெண் சிகிச்சையை மறுத்தபோது, நீதிமன்றம் அந்த மறுப்பை மீறிச் சிகிச்சைக்கு உத்தரவிட்டது. இந்த வேறுபாட்டை நியாயமற்றது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்: சம்மதிக்கத் தகுதி இருந்தால் மறுக்கவும் தகுதி இருக்க வேண்டுமே என்பார்கள். தர்க்கத்தில் அது சரி. ஆனால் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் வேறுபாட்டின் நியாயம் புரியும். டாக்டர் பரிந்துரைக்கும் சிகிச்சைக்குப் பிள்ளை சம்மதிக்கும்போது, அங்கே பிள்ளையின் விருப்பமும் மருத்துவ அறிவும் ஒரு பக்கமாகச் சேர்கின்றன. இரண்டு பேர் சரி பார்த்த முடிவு அது. உயிர் காக்கும் சிகிச்சையை மறுக்கும்போது அந்த இரண்டாவது பார்வை எதிர்ப்பக்கம் நிற்கிறது, தவறினால் திருத்த ஆள் இருக்க மாட்டான். அதே காரணத்துக்காக, திரும்பப் பெற முடியாத, அவசரமில்லாத சிகிச்சைகளிலும் பிள்ளையின் சம்மதம் மட்டும் போதாது என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் குரலைக் கேட்டே ஆக வேண்டும். கடைசிச் சொல் நீதிமன்றத்திடமோ ஒரு குழுவிடமோ இருக்கலாம்.

இனி, நம்மில் பலர் மனத்தில் இருக்கும் உண்மையான எதிர்ப்புக்கு வருகிறேன். நம் பண்பாட்டில் குடும்பம்தான் எல்லாம். பெற்றோரைவிடப் பிள்ளையின் நன்மையை யார் நினைப்பார்கள். மேல்நாட்டுச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து வீட்டைப் பிரிக்கப் பார்க்கிறீர்கள் என்பார்கள். இதற்கு மேல்நாட்டுப் பதில் தேவையில்லை, மதுரையிலேயே பதில் இருக்கிறது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பளித்தபோது, இடைப்பாலினக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால் மாற்று அறுவை சிகிச்சைகளையும் எடுத்துக்கொண்டார். பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அப்படிப்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. இந்தியாவில் முதலில் அதைச் செய்த மாநிலம் நம்முடையது. அன்பில்லாத பெற்றோரா அந்த அறுவை சிகிச்சைகளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள்? அன்போடும் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தோடும்தான் போட்டார்கள். அன்பு இருந்தும் ஒரு முடிவு பிள்ளைக்குக் கெடுதலாக முடியலாம் என்பதை நம் மாநிலம் ஏற்றுக்கொண்டு அரசாணையாகவே செயல்படுத்தியிருக்கிறது. அன்பே இல்லாத இடங்களும் உண்டு. 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் திரும்பத் திரும்ப எடுத்து விற்கப்பட்டது தெரியவந்து, அவளுடைய தாயே கைது செய்யப்பட்டார். அங்கே மருத்துவமனை வரை துணைக்கு வந்த ‘பெரியவர்’ பாதுகாப்பாக இருக்கவில்லை.

குடும்பம் என்பதை நாம் தாய் தந்தை என்ற இருவருக்குள் அடைத்துவிடுவதும் நம் வழக்கத்துக்கே பொருந்தாது. வளைகுடாவில் வேலை செய்யும் அப்பா, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன பெற்றோர், பாட்டியிடம் வளரும் பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கும் பெண், நூற்பாலை விடுதியில் இருக்கும் பதினாறு வயதுத் தொழிலாளி எல்லோரும் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். 14 வயதைத் தாண்டியவரை ஆபத்தில்லாத வேலைக்கு அனுப்ப நம் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் தன் உடம்புக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்ள இடம் கொடுப்பதில்லை. இதற்கும் நம் சட்டப் புத்தகத்திலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையை மருத்துவப் பரிசோதனை செய்யும்போது பெற்றோரோ, குழந்தை நம்பிக்கை வைத்திருக்கும் வேறு ஒருவரோ உடனிருக்கலாம் என்கிறது. கருக்கலைப்புச் சட்டத்திலும் காப்பாளர் என்பவர் மைனரைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவர். பெற்ற தாய் தந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. அத்தையோ, சித்தியோ, டீச்சரோ, அக்காவோ, பிள்ளை தானே காட்டும் ஒரு பெரியவர் துணைக்கு வந்தால் போதும் என்ற ஏற்பாடு நம் உறவுமுறைக்கு அந்நியமானதா? பிள்ளையைத் தனியாக விடாமலும், பயப்படும் இடத்துக்குத் துரத்தாமலும் இருக்க இதைவிட நம் மண்ணுக்கு ஏற்ற வழி எனக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்குத் தெரியாமல் சிகிச்சை தந்தால், பிள்ளையைச் சீரழிப்பவன் தப்பித்துவிடுவானே என்ற கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. குடும்பத்தினர், உறவினர், அக்கம்பக்கத்தினர் அதில் வருகிறார்கள். அப்படியிருக்க, காப்பாளர் உடன் இருந்தால்தான் டாக்டர் பேசுவார் என்ற விதி சில சமயம் குற்றவாளியையே அறைக்குள் உட்கார வைக்கிறது. பிள்ளை தனியாகப் பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில்தான் இதுபோன்ற உண்மைகள் வெளியே வருகின்றன. சுரண்டல் இருப்பதாகத் தெரிந்தால் குழந்தை நலக் குழுவிடமும் காவல்துறையிடமும் சொல்லும் கடமை டாக்டருக்கு அப்போதும் இருக்கும். அதை யாரும் நீக்கச் சொல்லவில்லை. ரகசியத்துக்கு எங்கே எல்லை என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறை பற்றிய ஓர் எதிர்ப்பு எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தெரிகிறது. ஓ.பி.யில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு நோயாளியைப் பார்க்கும் டாக்டர், ஒரு பிள்ளையின் முதிர்ச்சியை எப்படி அளப்பார்? பணத்துக்காக எதையும் செய்யும் இடங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளாதா? இரண்டும் உண்மை. அதனால்தான் இந்த உரிமையை எல்லா மருத்துவமனைக்கும் எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே நாளில் திறந்துவிடச் சொல்ல மாட்டேன். 2014 ஜனவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்கீழ் 10 முதல் 19 வயதினருக்கென்றே ஆலோசகரோடு கூடிய வளரிளம் பருவத்தினர் நல மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. தனிமையும் ரகசியமும் அவற்றின் அடிப்படை விதிகள். தொடக்கத்தை அங்கே வைக்கலாம். அழகு சிகிச்சை, உடல் எடைக் குறைப்பு, வணிக நோக்கமுள்ள எதுவும் இந்த விலக்குக்குள் வரக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம். இப்போதைய தெளிவின்மைதான் நல்ல டாக்டர்களைப் பயமுறுத்திப் பின்வாங்க வைக்கிறது. தெளிவான விதி அவர்களுக்குத்தான் முதல் பாதுகாப்பு.

ஆக, நான் கேட்கும் சட்டம் இப்படி இருக்கும். 16 வயது நிரம்பியவரின் சம்மதம் வழக்கமான சிகிச்சைகளுக்குச் செல்லும். இங்கிலாந்தில் 1969-இலிருந்தே அப்படித்தான். 12 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் மனநல ஆலோசனை, எச்.ஐ.வி. மற்றும் பால்வினை நோய்ப் பரிசோதனை, போதை மீட்பு, இனப்பெருக்க நலம், வன்முறைக்குப் பிந்தைய சிகிச்சை ஆகியவற்றைத் தாமாகவே கேட்டுப் பெறலாம். பிள்ளைக்குப் புரிகிறது என்பதை டாக்டரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், வீட்டில் சொல்ல ஊக்குவிக்க வேண்டும், அது முடியாதபோது பிள்ளை நம்பும் ஒரு பெரியவரைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். கருக்கலைப்பில் காப்பாளரின் கையெழுத்துக்குப் பதிலாக இந்தத் துணையும் இரண்டு டாக்டர்களின் கருத்தும் போதும் என்று ஆக்க வேண்டும். மீள முடியாத முடிவுகளும் உயிர் காக்கும் சிகிச்சையை மறுப்பதும் பிள்ளையின் கையில் மட்டும் இருக்காது. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் கருத்துக்கு மதிப்பளிப்போம் என்று அதன் 12-ஆவது பிரிவில் நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். மருத்துவமனை வாசலில் அந்த வாக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இதைப் படிக்கும் பெற்றோர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்று. இந்தச் சட்டம் வந்தாலும், பிள்ளையோடு மனம்விட்டுப் பேசும் வீட்டில் எதுவும் மாறாது. அந்தப் பிள்ளை உங்களிடம்தான் முதலில் வரும், டாக்டரும் அதைத்தான் சொல்வார். மாறப்போவது, பிள்ளை ஏதோ ஒரு காரணத்தால் உங்களிடம் வர முடியாத அந்த ஒரு நாளில். அன்றைக்கு அது படித்த, பொறுப்புள்ள, உங்களிடம் திரும்பி வரச் சொல்லி ஊக்குவிக்கும் ஒரு டாக்டரிடம் போவதை விரும்புவீர்களா, அல்லது யாரிடமும் போகாமல் இருப்பதையா? பெற்றோரின் ஒப்புதலை வற்புறுத்தும் இன்றைய விதி பல பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவதைத்தான் தருகிறது. பிள்ளை உயிரோடும் நலத்தோடும் இருந்தால், சொல்லாமல் விட்டதை இன்னொரு நாள் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அந்த இன்னொரு நாள் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சட்டத்தை மாற்றச் சொல்கிறேன்.